பின்சுவரில் வெடிப்பு

நவம்பர் 17
மழை விடவில்லை. எங்கள் முதியோர் இல்லத்தின் பின்சுவரில் வெடிப்பு. அதற்கு மேலே மலை. மேட்ரன் பிரின்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மார்ஜரி ஆன்ட்டி, மத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்க. வயசானவங்க, பயந்துருவாங்க" என்றாள்.
அந்தச் சுவரை ஒட்டிப் படுப்பது நாங்கள்தானே?

நவம்பர் 18
தேநீர் நேரத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். யாரும் அலறவில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. ஹவ்வா உம்மாவுக்கு மலையைவிடப் பெரிய பயம் வேறு: "வெளிய கொண்டு போனா, திரும்ப இங்க கொண்டாந்து விடுவாங்களா?"
கால் விளங்காத ஜெராட் மட்டும் சிரித்தார். "இந்த வயசுல மண்ணு விழுந்தா என்ன, விழாட்டி என்ன?"
எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வாழ ஆசை இருக்கிறது. எழுபத்தெட்டு வயதில் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டுமா?

நவம்பர் 21
வெடிப்புக்குள் இப்போது என் விரல் நுழைகிறது.

நவம்பர் 26
எங்கள் பக்கத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை என்று ரேடியோவில் சொன்னார்கள். பிரின்ஸி நிர்வாகத்தின் பதிலுக்காகக் காத்திருந்தாள்.
"பிள்ள, அவங்க இங்க தூங்குறதில்ல. கீழ கோயில் மண்டபத்துக்குப் போயிருவோம்" என்றேன்.
ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள். பிறகு வேன் பிடித்தாள்.
எல்லோரும் ஏறினார்கள் — ஜெராட் தவிர. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "என்னைய விட்டுட்டுப் போங்க. தூக்கிச் சுமக்க யாரால முடியும்?"
அவர் காலடியில் உட்கார்ந்தேன். "சரி. அப்ப நானும் இங்கயே இருக்கேன்."
"ஒனக்கு என்ன பைத்தியமா?"
"ஆமா."
வெளியே வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டுக் கம்பியை விட்டார். போர்வையில் கிடத்தித் தூக்கிப்போனோம்.

நவம்பர் 28
விடிந்தபின் மலை சரிந்து இறங்கிவிட்டது. எங்கள் அறைகள் இல்லை. ஜெராட்டின் கட்டில் கிடந்த இடத்தில் ஒரு பாறை. பிரின்ஸி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஜெராட்டிடம் நான்தான் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கையை மட்டும் விடவில்லை.

ஜனவரி 12
இன்னும் மண்டபத்தில்தான் இருக்கிறோம். பலாபத்வலைப் பக்கம் ஒரு வீடு தருகிறார்களாம். வந்த அதிகாரி பிரின்ஸியிடம் விவரம் சொல்லத் தொடங்கினார். "அவங்ககிட்டயே சொல்லுங்க, சேர்" என்று எங்களைக் காட்டினாள்.
பார்க்கப் போனோம். ஜெராட்டும் வருவேன் என்று ஒரே பிடிவாதம். முன்வாசலை அவர் பார்க்கவே இல்லை; சக்கர நாற்காலியை நேரே பின்பக்கம் தள்ளச் சொன்னார். செங்குத்தாக வெட்டிய மண்மேடு. நிமிர்ந்து நெடுநேரம் பார்த்தார்.
"வேற எடம் காட்டுங்க, தம்பி" என்றார். "நாங்க இன்னும் கொஞ்ச காலம் இருக்கணும்."