சுங்கக் கிடங்கில் ஒரு வீட்டு வண்டி

மார்ச் 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று விசாரிக்கும் மனநிலையில் இல்லை. போனில் சொல்லலாம் என்றால், என் குரல் கொஞ்சம் ஏறியதுமே "லைன் சரியில்ல" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை துறைமுகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. என் பேருக்குக் கப்பலில் ஒரு வண்டி வந்து இறங்கியிருக்கிறதாம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. அறுபது நாளைக்குள் வரி கட்டி எடுத்துக்கொள்ள வேண்டுமாம். பெறுநர் என்ற இடத்தில் என் பெயர், என் விலாசம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? பென்ஷன் வேலைக்கு என்று என் அடையாள அட்டை நகலை வாங்கினீர்களே, அது இதற்குத்தானா?

கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு கேட்டேன். "பதினாலு ஜோடி லென்ஸ் வெட்டாமக் கெடக்கு, இப்பப் போய்க் கேக்கறீங்களே" என்று முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். போனேன். மூன்றாவது மாடி, பதினோராவது கவுண்டர். அங்கிருந்த பெண் நல்ல மாதிரிதான். காகிதத்தை என் பக்கம் திருப்பி, பேனாவால் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

நீங்கள் வாங்கிய விலையை அவர்கள் மதிப்பதே இல்லை. புது வண்டியின் விலையில், வயதுக்கு இவ்வளவு என்று கழித்து அவர்களே ஒரு விலை போடுகிறார்கள். அது நீங்கள் கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்கு. அதோடு கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துச் சுங்க வரி. அந்தச் சுங்க வரியையும் சேர்த்து, அதன் மேல் இன்னொரு வரி. "வரிக்கு வரியா?" என்று கேட்டேன். "ஆமாக்கா, எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க" என்றாள். பிறகு பூச்சிமருந்து அடித்ததற்கு, எஞ்சின் சோதனைக்கு, கிடங்கில் நிற்பதற்கு நாள் வாடகை என்று தனித்தனியாக. கூட்டிப் பார்த்தால் வண்டியின் விலையைத் தாண்டிவிட்டது.

பதினொரு வருஷமாக அந்த நாட்டில் லாரி ஓட்டுகிறீர்கள். எல்லைச் சாவடியில் காகிதம் நீட்டாத வாரம் இல்லை. இது உங்களுக்குத் தெரியாதா?

இப்படிக்கு,
பெறுநர்


மார்ச் 15

பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்து முடிப்பதற்குள் எனக்கே காது சுட்டது.

கப்பல் ஏஜெண்டிடம் கேட்டுத்தான் அனுப்பினேன். "ரெண்டு பேர் படுக்கற மாதிரி இருந்தா அது குடியிருப்புக் கணக்கு அண்ணே, வரி பாதிதான்" என்று அடித்துச் சொன்னான். அப்படிச் சொன்னவன் சுங்கப் படிவத்தில் வெறும் வேன் என்று எழுதித் தொலைத்திருக்கிறான். நீ மறுபடி மதிப்பிடச் சொல்லி ஒரு மனு கொடு. விலை ரசீதும், நசுங்கிய இடது கதவின் போட்டோவும் இதோடு வைத்திருக்கிறேன். ஒரு நாள் போய் வண்டியைத் திறந்து காட்டினால் முடிந்தது.

ஒரு வார்த்தை கேட்டீர்களா என்கிறாய். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். நான் கேட்டு நீ எதற்குச் சரி என்றிருக்கிறாய்? வேலையை விட்டு வந்ததும் நாம் இரண்டு பேரும் ஊர் ஊராகப் போகலாம், பிடித்த இடத்தில் நிறுத்தி டீ போட்டுக் குடிக்கலாம் என்றுதான் வாங்கினேன். அது ஒரு குற்றமா? உறைந்த மீனை ஏற்றிக்கொண்டு பனிச் சாலையில் முப்பது மணி நேரம் ஓட்டியவன் நான். ஒரே ஒரு கவுண்டருக்குப் போய் வந்ததற்கு இவ்வளவு பாட்டு.

வாடகை தினமும் ஏறுகிறது. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள். மனுவை முதலில் கொடு.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 28

பாப்பாவின் அப்பாவுக்கு,

மனு கொடுத்தேன். நேற்று வரச் சொன்னார்கள். இன்னொரு அரை நாள் லீவு.

கிடங்கின் கடைசி வரிசையில் நின்றது உங்கள் வண்டி. தலைக்கவசம் போட்ட அதிகாரி ஒருவர் அட்டையும் பேனாவுமாக வந்தார். "எத்தன பேரு படுக்கலாம்மா?" என்றார். "ரெண்டு பேரு" என்றேன், நீங்கள் எழுதியதை நம்பி.

"எங்கன்னு காட்டுங்க."

காட்டப் போனேன். என் தோளைவிட இரண்டு விரல் அகலம், அவ்வளவுதான் அந்தப் படுக்கை. இரண்டு பக்கமும் பலகை வைத்துத் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறது. இன்னொரு படுக்கை மடித்து வைத்திருக்கும் என்று ஒவ்வொரு பலகையாக இழுத்துப் பார்த்தேன். அவர் பொறுமையாகத்தான் நின்றார். கடைசியில், "விடுங்கம்மா, இதுல ஒருத்தர் பொரண்டு படுக்கறதே கஷ்டம்" என்று சொல்லி, ஒன்று என்று எழுதிக்கொண்டார். முழு வரி. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் போல அவர் முன்னால் நின்றேன்.

நாம் இரண்டு பேரும் என்று எழுதினீர்களே. நான் எங்கே படுப்பதாக இருந்தேன், கூரை மேலா?

இன்னொன்றும் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடிக்கிறதுதான் என் பிழைப்பு. உள்ளே ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. அடுப்புக்கு முன்னால் தரைவிரிப்பு இரண்டு பாதத்தின் அளவுக்குத் தேய்ந்து, அடியில் இருக்கிற பலகை தெரிகிறது. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஷிப்ட் நேரம் எழுதிய தாள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, இரண்டு வருஷத்துக்கு. அதில் லாரி ஓட்டும் வேலையே இல்லை. எல்லாம் வண்டி கழுவும் ஷிப்ட்.

அதற்குள் குடியிருந்தது யார்? உண்மையை எழுதுங்கள். முடியாது என்றால் எழுதவே வேண்டாம்.

பாப்பா அம்மா


ஏப்ரல் 12

பாப்பா அம்மாவுக்கு,

நான்தான் குடியிருந்தேன்.

முதுகு போய் இரண்டு வருஷமாகிறது. டாக்டர் இனி ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது என்று எழுதிவிட்டார். கம்பெனியில் லாரிச் சாவியை வாங்கிக்கொண்டு கையில் ரப்பர் குழாயைக் கொடுத்தார்கள். சம்பளம் பாதி. அறை வாடகையும் கொடுத்துக்கொண்டு உனக்கு அனுப்புவதைக் குறைக்காமல் இருக்க முடியவில்லை. குறைத்தால் ஏன் என்று கேட்பாய். அதனால் கையில் இருந்ததைப் போட்டு அந்த வண்டியை வாங்கி, லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன். காவலாளி கண்டுகொள்ளவில்லை. குளிரில் தொட்டித் தண்ணீர் உறைந்துவிடும். சட்டியில் வைத்து உருக்கித்தான் முகம் கழுவுவேன். நல்லா இருக்கேன் என்று உன்னிடமும் பாப்பாவிடமும் போனில் சொன்னதெல்லாம் அதற்குள்ளிருந்துதான். இப்போது கம்பெனி கைமாறிவிட்டது. என்னைக் கணக்குத் தீர்த்து அனுப்புகிறார்கள்.

ஏன் வண்டியை அனுப்பினேன் என்றும் கேட்டுக்கொள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்தேனே, மூன்றாம் நாள் காலையில் "எப்பக் கிளம்புறீங்க?" என்று கேட்டாய். என் சட்டைகளைப் பெட்டியிலிருந்துதான் எடுத்துப் போட்டேன். அலமாரியில் இடமில்லை. நான் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டில் எனக்குச் சட்டை மாட்ட ஒரு ஆணி கிடையாது. அதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இனிமேல் வந்தால் பின்பக்கக் காலி இடத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஊர் ஊராகப் போகலாம், இரண்டு பேர் படுக்கலாம் என்று எழுதியதெல்லாம் பொய்.

வரி கட்ட என்னிடம் எதுவும் இல்லை. கூட வண்டி கழுவுகிறவரின் அறையில் ஒரு மூலையில் படுத்திருக்கிறேன். உன் இஷ்டம்போல் செய்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 24

பாப்பாவின் அப்பாவுக்கு,

மூன்று வழி சொன்னார்கள். வரி கட்டி எடுக்கலாம், திருப்பி அனுப்பலாம், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். தாளை மூன்று முறை படித்தேன். வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏலத்துக்குப் போகும். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், என்னுடையது அதைவிடப் பெரிது.

தண்ணீர் உறைகிற இடத்தில் படுத்துக்கொண்டு, மாசம் தவறாமல் முழுப் பணத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். போன வருஷம் அந்தப் பணத்தில் நான் ஹாலுக்கு சோபா வாங்கினேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அதில் உட்கார முடியவில்லை. என்னை இப்படி ஆக்க உங்களுக்கு என்ன உரிமை? பதினொரு வருஷம் நீங்கள் நல்லபடியாக இருப்பதாக நினைத்துத்தானே சண்டை போட்டேன்?

எப்பக் கிளம்புறீங்க என்று கேட்டது உண்மை. உங்களோடு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருக்கலாம் என்று கடையில் லீவு கேட்பதற்காகக் கேட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்கத் தெரிந்தது. நீங்கள் "வெள்ளிக்கிழம" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள். ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அதற்கு ஐந்து வருஷம் கழித்துக் கப்பலில் ஒரு வண்டியை அனுப்பிப் பதில் சொல்கிறீர்கள்.

ஆனால் அலமாரி விஷயத்தில் தப்பு என் பேரில்தான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளே இருந்த துணிமணிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த அதிகாரியே சொன்னார். ஒரு கம்பளிச் சட்டை, நாலு சட்டை, முதுகுக்குக் கட்டும் பட்டை. துவைத்து, வலது பக்க அலமாரியில் வைத்திருக்கிறேன். உடனே கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதுகு டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறேன், மே இரண்டாம் தேதிக்குப் பிறகு எந்த நாள் வேண்டுமானாலும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பாப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவளும் உங்களைத் திட்டத்தான் காத்திருக்கிறாள்.

வரும் தேதியை எழுதுங்கள். வந்த முதல் வாரம் நான் உங்களோடு பேச மாட்டேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

பாப்பா அம்மா