ரோமுக்குப் போகும் மாவுருண்டை

அன்புள்ள மெஹதாப்,

முழங்கால் வலியால்தான் நான் பாலர் உணவு மையத்துக்கு வருவதில்லை என்று மையத்தில் நம்மோடு வேலை செய்யும் தேவகி சொல்வது பொய். என் கால்கள் நன்றாகவே இருக்கின்றன. ரோமில் நடக்கும் உணவு மாநாட்டுக்கு உன்னை அழைத்திருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் மையத்துக்கு அமெரிக்க உதவி மாவு கேட்டு ஆங்கிலத்தில் மனுப் போட்டவள் நான். அந்தக் கஞ்சியைக் குழந்தைகள் துப்பின. நெசவுக்காரத் தாய்மார்கள் அதைத் தறியில் ஏற்றும் பாவு நூலுக்கு விறைப்பேற்றப் பூசினார்கள். நீதான் மாவை வறுத்து, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்தாய். “பாவுக்கு ஊட்டினது போதும்மா, புள்ளைங்களுக்கு ஊட்டு!” என்று அந்தத் தாய்மார்களில் ஒருத்தியான அங்கம்மாளைக் கிண்டலும் செய்தாய். மையத்தைப் பார்க்க வந்த ஐ.நா. அதிகாரிகள் உன் உருண்டையை மட்டுமே பார்த்தார்கள்; என் மனுவைப் பற்றிக் கேட்கவில்லை.

நீ கேட்டபடி உன் மாநாட்டு உரையை ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். என்னைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதை நானே எழுதிக்கொள்ள மாட்டேன். நீதான் சேர்க்க வேண்டும். சேர்ப்பாயா என்று எழுதித் தெரிவி.

கான்வென்டில் படித்த உன் தோழி