அனுப்பச் சொன்ன அப்பாவுக்கு

என்ர அப்பா,

நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த செய்தி இன்று வந்தது. அமைதிப்படையை அனுப்புகிறார்களாம். எங்கள் ஊருக்கு இல்லை, வேறு ஒரு நாட்டுக்கு. அந்த நாட்டின் பெயரை எழுதக் கை வரவில்லை. எழுதினால் அண்ணா இன்றைக்கே அங்கே போய்விடுவான் என்று ஒரு பயம்.

பேஸ்மென்றில், உங்கள் பனிச் சப்பாத்து இன்னும் இருக்கும் அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். மேலே அம்மா நித்திரை. படியில் சத்தம் கேட்டால் கொப்பியை மூடிவிடுவேன்.

நீங்கள் காலமான பிறகு அண்ணா பகுதிநேரமாகக் கனடா இராணுவத்தில் சேர்ந்தான். வார இறுதிப் பயிற்சிதானே என்று அம்மாவும் விட்டுவிட்டார். கோடையில் அவன் அமைதிப்படைக்குப் பெயர் கொடுத்தான். நாடுகள் சம்மதித்தால் போகிறவர்களின் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. இது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்கு அவன் சொன்னது வேறு: அரசாங்க வேலை ஒன்று, ஒட்டாவாவிலிருந்து பதில் வரவேண்டும்.

அன்றிலிருந்து நியூயோர்க்கில் ஐ.நா. சபையில் நாடுகள் கூடிப் பேசுவதை நான் கைபேசியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா, அவர்கள் ஒரு சொல்லுக்காகக் கிழமைக்கணக்கில் இழுபடுகிறார்கள். அமைதிப்படை மக்களைப் ‘பாதுகாக்கும்’ என்று எழுதச் சொல்கிறது ஒரு நாடு. ‘கண்காணிக்கும்’ என்றால் மட்டும் கையை உயர்த்துவோம் என்கிறது இன்னொன்று. சண்டை நடக்கும் நாட்டின் அரசாங்கம் முதலில் வாருங்கள் என்றது, பிறகு வேண்டாம் என்றது. பெரிய நாடு ஒன்று தனியாக மறுத்தாலே எல்லாம் நின்றுவிடுமாம். இரண்டு முறை வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார்கள். அந்த இரண்டு நாளும் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அந்த இரண்டு நாளும் அங்கே குண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது.

போன வெள்ளி றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போனோம். அம்மா அர்ச்சனைத் தட்டை நீட்டி, அண்ணாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.

“என்ன விசயமாய் அம்மா?” என்று ஐயர் கேட்டார்.

“தம்பிக்கு, என்ர மகனுக்கு, ஒரு வேலை, ஐயா. அது கட்டாயம் சரிவரவேணும்.”

நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு, சரிவரக்கூடாது என்று கேட்டேன். ஒரே தட்டு, ஒரே பெயர். பிள்ளையார் யார் சொன்னதைக் கேட்பார்?

வீட்டுக்கு வந்ததும், பெயரை எடுத்துவிடு என்று அண்ணாவிடம் கெஞ்சினேன். அவன் இங்கே இறங்கி வந்து உங்கள் பதாகையை எடுத்தான். நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, டவுன்ரவுனில் தூதரக வாசலில் நீங்கள் பிடித்துக்கொண்டு நின்ற அதே பதாகை. மழையில் எழுத்துக் கரைந்திருக்கிறது. ‘யாரையாவது அனுப்புங்கள்.’ உங்கள் தங்கச்சி, என் மாமி, அப்போது ஊரில், குண்டுக்குப் பயந்து மண்ணில் வெட்டிய பங்கருக்குள் இருந்தார். யாரும் போகவில்லை. மாமியிடமிருந்து பிறகு ஒரு அழைப்பும் வரவில்லை.

“இதைப் பிடிச்சுக்கொண்டு அப்பா எத்தினை நாள் நிண்டவர், தெரியுமோ?”

“அப்பா ஆரையாவது அனுப்பச் சொன்னவர். உன்னை அனுப்பச் சொல்லேல்லை.”

“அப்ப வேற ஆற்ற அண்ணாவை அனுப்பிறது, மது?”

“கரப்பான் பூச்சிக்கே கத்துற ஆள். நீ போய் ஆரைக் காப்பாத்தப்போறாய்?” என்றேன்.

“உன்ர வாயை அனுப்பினா சண்டை தானா நிக்கும்” என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன்.

இன்று கணக்குப் பாடத்தில் மேசைக்குக் கீழே கைபேசியை வைத்துப் பார்த்தேன். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. மறுக்கும் என்று நான் நம்பியிருந்த நாடு மறுக்கவில்லை, வாக்களிக்காமல் சும்மா இருந்துவிட்டது. ‘பாதுகாக்கும்’ என்ற சொல்லும் வெட்டுப்படாமல் தப்பிவிட்டது. அங்கே பங்கருக்குள் யாரோ ஒருவரின் மாமி இதை வானொலியில் கேட்டிருப்பார். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும் என்று தெரியும். வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள், அப்பா? கை தட்டியிருப்பீர்களா? அண்ணாவின் சப்பாத்தை ஒளித்துவைத்திருப்பீர்களா?

பள்ளிக்கூடத்தால் வந்தபோது குசினி மேசை நிறையத் தேங்காய். அம்மா ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பிக்கு வேலை சரிவந்திட்டுதாம், பிள்ளை. பிள்ளையார் கண் திறந்திட்டார். இருபத்தொரு தேங்காய் நேர்ந்தனான், வெள்ளிக்கிழமை உடைக்கவேணும்.”

அண்ணா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் உருண்டுவந்த ஒரு தேங்காயை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நீங்கள் போன பிறகு நான் பார்த்ததே இல்லை.

அண்ணாவைப் போக விடுவேன் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். எதற்கென்று தெரியாமல் அம்மா அந்தத் தேங்காய்களை உடைக்க நான் விடமாட்டேன். வியாழன் பின்னேரத்துக்குள் அண்ணா சொல்லவேண்டும். அவன் சொல்லாவிட்டால் உங்கள் பதாகையைத் தூக்கிக்கொண்டு நான் மேலே போவேன். பிறகு அம்மா உடைக்காமல் அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் சரி. தெரிந்துகொண்டே உடைத்தால், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு பக்கத்தில் நிற்பேன்.

உங்கட கடைக்குட்டி,
அண்ணாவுக்கு இருக்கிற ஒரே தங்கச்சி,
மதுரா