கீரிமலைத் தண்ணீர், இரண்டு கான்

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டுத்தானே பழக்கம். இப்போதும் முன்னறைப் பக்கம் திரும்பினால் வாய் தானாகக் கூப்பிடுகிறது. அங்கே உங்கள் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி மட்டும் நிற்கிறது.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நீல மீன் செத்துப்போனது. செம்மஞ்சள் மீனாவது மிஞ்ச வேண்டுமே என்றுதான் இத்தனை நாளும் பட்டபாடு.

உங்களை எடுத்துக்கொண்டு போன கையோடு வீடு கழுவினார்கள். நான் அறைக்குள் கிடந்தேன். உங்கள் அக்கா, என் மச்சாள், அழுதழுதே வேலை செய்தார். "செத்தவீட்டிலை உந்தப் பாசி பிடிச்ச கல்லுகளை உப்பிடியே விடேலுமோ?" என்று யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது. எந்தக் கல் என்று எழும்பிப் போய்ப் பார்க்க எனக்கு உடம்பில் தெம்பில்லை. தொட்டிக்குள் கிடந்த கடற்கற்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், தும்பு போட்டு வெள்ளை வெளேரென்று தேய்த்து வைத்துவிட்டார். பின்பக்கம் தொங்கித் தண்ணீரை வடிக்கிற பில்ரரின் பஞ்சுக்குச் சவர்க்காரம் வேறு. பாவம், உங்கள் மேல் உள்ள அன்பில் செய்தது. அவரோடு நான் என்னத்தைக் கோபிக்க?

இரண்டொரு நாளில் தண்ணீர் கலங்கியது. என் தம்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"அக்கா, அத்தானின்ரை தொட்டிக்குக் கல்லுத்தான் பெரிய பில்ரர். மீனின்ரை கழிவைத் தின்னுற உயிருகள் அதிலைதான் இருந்தது. உப்பில்லாத கிணத்துத் தண்ணி பட்டவுடனை எல்லாம் செத்துப்போச்சு. கீழை இன்னொரு தொட்டி வைச்சு ஓட விட்டிருந்தால், இன்னும் கனக்கத் தண்ணி நிண்டிருக்கும், கழிவைக் கொஞ்சம் தாங்கியிருக்கும். ஏன் அத்தான் வைக்கேல்லை?"

ஏன் என்று எனக்குத் தெரியும். நானே கேட்டிருக்கிறேன். "கரண்ட் நிண்டால் மேல்தண்ணி கீழை இறங்கி வழியும். நான் வேலையிலை நிப்பன். உம்மடை முழங்கால் நோவோடை நீர் குனிஞ்சு துடைக்கேலுமே?" என்றீர்கள். அதற்காகவே தொங்குகிற பில்ரரும், அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்கிற அந்தக் குழாயும், கற்களுமாகச் சமாளித்தீர்கள். வழிந்தால் வழியட்டும், நான் துடைக்கிறேன் என்று ஒரு சொல் சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை?

பாதித் தண்ணீரை உடனே மாற்ற வேண்டும் என்றான் தம்பி. நீங்கள் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கான் கட்டி, பால்காரர் மாதிரிக் கீரிமலையில் இருந்து கடல்தண்ணீர் கொண்டுவருவீர்கள். உங்கள் சாம்பலையும் அங்கேதான் கரைத்தார்கள். ஆம்பிளைகள் கொண்டுபோனார்கள். நான் வாசல் படலையோடு நின்றுவிட்டேன்.

மச்சாள் மறித்தார். "அவனைக் கரைச்ச தண்ணியை வீட்டுக்குள்ளை கொண்டு வாறதோ? ஆரும் செய்வினமோ? வேண்டாம் மச்சாள்." சரி, கொழும்பிலிருந்து மீன்தொட்டிக்குப் போடுகிற கடலுப்பு எடுப்பித்துக் கரைக்கலாம் என்று காத்திருந்தோம். அது வருவதற்குள் நீல மீன் போய்விட்டது. மற்றது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. எனக்குப் பார்க்க முடியவில்லை. உங்கள் கடைசி நாள் ஆஸ்பத்திரியில் நீங்கள் மூச்சுக்குப் பட்ட பாடு கண்ணுக்குள் வந்துவிட்டது.

விடிந்ததும் தம்பியின் பின்னால் ஏறிக் கீரிமலைக்குப் போனேன். "நான் இறங்கி அள்ளுறன், நீ நில்லக்கா" என்றான். "இல்லை, நான் அள்ளுறன்" என்று சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்காலளவு தண்ணீரில் நின்றுதான், நீங்கள் போன பிறகு முதன்முதலாக வாய்விட்டு அழுதேன். தம்பி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொண்டுவந்த தண்ணீரை ஆறுதலாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். அன்று முழுக்க மச்சாள் முன்னறைக்குள் வரவில்லை. அடுத்த நாள் பின்னேரம் மெல்ல வந்து, தொட்டியின் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிட்டுதோ?"

"ஓம்" என்றேன்.



இனிப் பஞ்சைத் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுவேன். கற்களில் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன். கீழே தொட்டி வைப்போமா என்று தம்பி திரும்பவும் கேட்டான், வேண்டாம் என்றுவிட்டேன். நீங்கள் என் முழங்காலை நினைத்துச் செய்தது அப்படியே இருக்கட்டும். தண்ணீர் மாற்றுகிற நாளெல்லாம் கான்களோடு நானே கீரிமலைக்கு வருவேன்.

மச்சாள் பயந்ததில் பிழையில்லை. அது உங்களைக் கரைத்த தண்ணீர்தான். அதனால்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

உங்கடை மனுசி