சத்யாவிடம் மறைத்த சேதி

மியூனிக்,
செப்டம்பர் 22, திங்கட்கிழமை

அன்பு மருமகள் சத்யாவுக்கு உன் அத்தை எழுதிக்கொள்வது. நானும் துர்காவும் மாப்பிள்ளையும் இங்கே சௌக்கியம். குளிர் ஆரம்பித்துவிட்டதால் எனக்கு முட்டிவலி மட்டும் கொஞ்சம் அதிகம். நீ ஒரு ஆள்தானே என்று சமைக்காமல் டீயையும் பன்னையும் வைத்து ஓட்டாமல், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசும்போது ஓரமாக ஒரு சின்னக் கட்டத்தில் என் முகம் எனக்கே தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு சில விஷயங்களைச் சொல்ல வாய் வரவில்லை. நீயும் "அதெல்லாம் விடுங்க அத்தை" என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். எழுதி அனுப்பினால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டு விஷயம். ஐப்பசி மழைக்கு முன்னால் கொத்தனார் முனிசாமியைக் கூப்பிட்டுத் தறிக்கு மேலே இருக்கும் கூரை ஓட்டைப் பார்க்கச் சொல். போன வருஷம் தறியில் பூட்டிய பாவு நூல் நனைந்து நாம் பட்ட பாடு போதும். தறியில் நான் இருந்த இடத்தில் பக்கத்து வீட்டுக் காயத்ரி உட்கார்ந்து, புடவைக் கரை நெய்ய நாடா எறிகிறாள் என்று சொன்னாய். அவள் வேகமாக எறிவாள், ஆனால் பேசிக்கொண்டே எறிவாள். கரை பிசகாமல் பார்த்துக்கொள். இன்றைக்கு நவராத்திரி ஆரம்பம். சாயங்காலம் கூட்டம் சேரும் முன்னால் காமாட்சி கோவிலுக்குப் போய் எனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டிருப்பாய்.

போன சனிக்கிழமை துர்கா என்னை ஒரு டூருக்கு அழைத்துப் போனாள். காலையில் பஸ் ஏறினால் கோட்டைகளைக் காட்டி, ஒரு பழைய ஊரைக் காட்டி, ராத்திரிக்குள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். எங்கள் கைடு ஒரு நெட்டை மனிதர். மஞ்சள் குடையை மடித்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார், நாங்கள் நாற்பது பேரும் பின்னால் போக வேண்டும். ஏகாம்பரநாதர் கோவிலில் வெளிநாட்டுக்காரர்கள் இப்படி வரிசையாகப் போவதைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். இப்போது வெளிநாட்டுக்காரி நான். புடவைக்கு மேல் மாப்பிள்ளையுடைய கோட்டு, காலில் துர்காவுடைய ஷூ. போட்டோ அனுப்பினாளாமே, பார்த்துச் சிரித்திருப்பாய்.

முதல் கோட்டையைப் பஸ்ஸுக்குள் இருந்தபடியே காட்டிவிட்டார்கள். இரண்டாவது கோட்டைக்கு உள்ளே போனோம். ஹார்பர்க் என்று பேர். குன்றின் மேல் இருக்கிறது, கீழே ஆறு. கல் பாவிய மேட்டில் ஏறி முற்றத்துக்குப் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அதற்கு மேல் மரப்படி என்றார்கள். நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று துர்காவை அனுப்பிவிட்டேன்.

என்னைப் போலவே இன்னொரு பாட்டியம்மாவும் மேலே போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரோஸ்மேரி என்று பேர், எண்பது வயது இருக்கும். அவரோடு அன்னா என்று ஒரு பெண்ணும் பீட்டர் என்று ஒரு ஆளும் வந்திருந்தார்கள். பஸ்ஸிலேயே கவனித்தேன். அன்னா அந்த அம்மாவுக்குக் கழுத்துத் துணி சுற்றிவிடுவதும், மாத்திரை எடுத்துக் கொடுப்பதுமாக இருந்தாள். அந்த அம்மாவோ பீட்டரைச் சும்மா விடவில்லை. பையை மேலே வை, கீழே இறக்கு, ஜன்னலைச் சாத்து என்று விரட்டிக்கொண்டே வந்தார். அம்மா, பெண், மாப்பிள்ளை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மாப்பிள்ளையை இப்படி வேலை வாங்க நம் ஊரில் முடியுமா என்றும் நினைத்தேன்.

நான் விடியற்காலையில் எழுந்து டம்ளரில் ஊற்றி நம் ஊர்க் கோவில் இட்லி செய்து எடுத்துப் போயிருந்தேன். அவருக்கு ஒரு துண்டு கொடுத்தேன். மிளகைக் கடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் துப்பவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு கேட்டார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். மீசை வைத்த ஒரு பையன், முப்பது வயது இருக்கும். அவனைத் தொட்டுத் தன் வயிற்றைத் தொட்டார். பிறகு கையை விரித்து, இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார். நானும் என் போனை எடுத்து நம் சிவபாலனைக் காட்டினேன். கல்யாணத்துக்கு முன் ஏனாத்தூர் காலேஜில் படித்தபோது எடுத்த படம். நானும் என் வயிற்றைத் தொட்டு, அவரைப் போலவே கையை விரித்தேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். மேலே போனவர்கள் இறங்கி வரும் வரை அவர் என் கையை விடவில்லை.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு ரோத்தன்பர்க் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரைச் சுற்றி மதில். அதன் மேலே கூரை போட்ட நடைபாதை. மதில் கல்லில் வரிசையாகப் பேர் வெட்டியிருக்கிறது. சண்டையில் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டப் பணம் கொடுத்தவர்கள் பேராம். நம் கோவிலில் டியூப்லைட்டில் உபயம் என்று எழுதிவிடுகிறார்களே, அது மாதிரி. வருஷம் முழுக்கக் கிறிஸ்துமஸ் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன. முறுக்கு மாவைப் பட்டை பட்டையாக வெட்டி, உருண்டையாக்கிப் பொரித்து, மேலே சர்க்கரை தூவினது போல் ஒன்று விற்கிறார்கள். உனக்கு ஒரு பொட்டலம் வாங்கினேன். உடையாமல் வந்து சேர்ந்தால் உன் அதிர்ஷ்டம்.

நாலு மணிக்குப் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும், அதுவரை சுற்றிப் பாருங்கள் என்று கைடு விட்டுவிட்டார். ரோஸ்மேரியம்மா எங்களோடு மெதுவாக நடந்து வந்தார். அன்னாவும் பீட்டரும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். உங்கள் பெண் உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லச் சொன்னேன். துர்கா அதை அவர் பாஷையில் சொன்னாள். அந்த அம்மா பதில் சொன்னதும் துர்கா நின்றுவிட்டாள்.  என்னடி சொன்னார் என்று இரண்டு தரம் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"அன்னா அவங்க பொண்ணு இல்லம்மா. மருமக. காலையில போட்டோ காட்டினாங்களே, அந்தப் பையனோட மனைவி. பீட்டர் அவளை அப்புறமா கட்டிக்கினவரு."

பெரிய மனது அந்த அம்மாவுக்கு என்று நான் சொன்னேன் போலிருக்கிறது. துர்கா அதையும் சொல்லிவிட்டாள். அதற்கு ரோஸ்மேரியம்மா சிரித்தார். பெரிய மனதெல்லாம் இல்லை, அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருஷம் அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை என்றாராம். இப்போதும் அன்னாவுக்குப் பீட்டர் குடை பிடிப்பதைப் பார்த்தால் சில நாள் கோபம் வருமாம். அது என் மகன் கையாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுமாம். அன்றைக்கெல்லாம் அந்த ஆளை அதிகமாக வேலை வாங்குவாராம்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை சத்யா. கடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஒரு சந்தில் திரும்பி நடந்தேன். எதையும் பார்க்கவில்லை. கால் போன பக்கம் போனேன். நின்று திரும்பிப் பார்த்தபோது எந்தத் தெருவில் வந்தேன் என்று தெரியவில்லை. எல்லா வீடும் ஒன்று போலவே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் அடித்து, ஜன்னலில் பூத்தொட்டி வைத்து இருக்கிறது. போன் துர்காவின் பையில். நாலு மணி அடித்தது எனக்கே கேட்டது. ஒரு குழாயடித் தொட்டி ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டேன். துர்கா போனில் உனக்குச் சொல்லியிருப்பாள். பயத்தில் அழுதேன் என்று நீ நினைத்துக்கொண்டால் போதும் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். பயம் அதில் பாதிதான்.

என்னைத் தேடி வந்து கண்டுபிடித்தது பீட்டர். பஸ்ஸில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், ஆனால் அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. ஏதோ சொன்னார், புரியவில்லை. தன் முழங்கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். அந்தக் கல் தெருவில் என் முட்டிக்குத் தகுந்த மாதிரி அடி எடுத்து வைத்தார். நான் நின்றால் நின்றார். ஒரு தெரு முனையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது எனக்கு ஆனந்தகுமாருடைய முகம் ஞாபகம் வந்தது. அதைத்தான் உனக்கு எழுத வந்தேன். இவ்வளவு சுற்றி வளைத்து இப்போதுதான் எழுதக் கை வருகிறது.

நம் தறிக்குப் புடவை டிசைனை அட்டையில் துளையாக அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தானே ஆனந்தகுமார், அவன் பங்குனியோடு ஏன் நின்றுவிட்டான் என்று நீ கேட்டாய். ஆரணியில் வேலை அதிகம், அதனால் ஆள் மூலம் அட்டையை அனுப்புகிறான் என்று நான் சொன்னேன். அது பொய்.

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால், நீ பட்டு நூல் வாங்க நெசவாளர் சங்கத்துக்குப் போயிருந்தபோது அவன் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அம்மா, சத்யாவைக் கட்டிக்கணும்னு ஆசைப்படறேன். உங்களைக் கேக்காம அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்றான். இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணம் முடித்தாகிவிட்டது, நீங்களும் எங்களோடுதான் இருக்க வேண்டும் என்றும் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான்.

நான் மரியாதையாகப் பேசவில்லை. என் பிள்ளை படத்துக்கு எதிரே நின்றுகொண்டு இதைக் கேட்க உனக்கு நாக்கு எப்படி வந்தது, இந்த வாசலில் இனிமேல் கால் வைக்காதே என்றேன். சத்யாவுக்கு இதைக் கேட்டாலே அருவருப்பாக இருக்கும் என்று நீ சொல்லாததை உன் வாயில் போட்டுச் சொன்னேன்.  "சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஊர் பேசும் என்று பயந்தேன் என்று எழுதலாம். அதுவும் உண்மையில்லை. சிவபாலன் போய் நாலு வருஷத்தில் நீ வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது, ஆனந்தகுமார் தறி மேலே ஏறி அட்டை மாட்டும்போது ஏதாவது சொன்னால்தான். மற்றபடி என்னிடம் சிரிப்பாய், அது எனக்காகச் சிரிப்பது. உன் அம்மா வந்து கூப்பிட்டபோதும் அத்தையை விட்டு வர மாட்டேன் என்று சொன்னவள் நீ. அன்றைக்கு அவன் கேட்டதும், இவளும் போய்விட்டால் எனக்கு யார் என்ற ஒன்றுதான் மனதில் இருந்தது. பெற்ற பிள்ளையைச் சாக்காகச் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். உனக்கு முப்பத்து மூன்று வயது. அதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

பஸ் ஏறியதும் எல்லோரும் கை தட்டினார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. துர்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரோஸ்மேரியம்மா தன் பக்கத்து இருக்கையைத் தட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பீட்டரைப் பின்னால் போய் உட்காரச் சொல்லி விரட்டினார். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நானே ஆனந்தகுமாருக்குப் போன் செய்தேன். அன்றைக்குச் சொன்னது எல்லாம் என் வார்த்தை, சத்யாவுக்கு ஒன்றும் தெரியாது, என்னை மன்னித்துக்கொள் என்றேன்.  பிறகு, "அன்னிக்கு ரொம்பக் கஷ்டமா போச்சும்மா" என்றான். சமாதானத்துக்காக, அதெல்லாம் பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை, எனக்கு அதுவே பிடித்தது. கடைசியில், "அவங்களுக்குத் தெரியட்டும். அவங்களா கூப்பிட்டா வரேன். கூப்பிடலன்னா நான் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றான். துர்காவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டினாள். பிறகு, அம்மா, அண்ணன் இருந்திருந்தாலும் உன்னைத்தான் திட்டியிருப்பான் என்றாள்.

நீ அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், வேறு யாரையாவது நினைத்தாலும் சரி, யாருமே வேண்டாம் என்றாலும் சரி. ஆனால் அந்தப் பதிலை நீ சொல்ல வேண்டும். என் வாயிலிருந்து வரக் கூடாது. அவன் நம்பர் தறிக்குப் பக்கத்தில் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கும், பார். என்னைக் கேட்க வேண்டாம், உன் அம்மாவைக்கூடக் கேட்க வேண்டாம். நாலு நாள் யோசித்து உன் மனதுக்குப் பட்டதைச் செய்.

என் மேல் கோபம் வரும். வரட்டும், அது நியாயம்தான். போனை எடுக்காமல் இருந்தாலும் தப்பில்லை. சாப்பிட்டேன் என்று துர்காவுக்கு மட்டும் ஒரு வரி அனுப்பு. நான் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வருகிறேன். தனியாக இருக்கப் பழகிக்கொள்வேன், அதைப் பற்றி நீ கவலைப்பட்டு உன் முடிவை மாற்றாதே. காயத்ரி இருக்கிறாள், தெரு இருக்கிறது, கோவில் இருக்கிறது. கரைக்கு நாடா எறிய என் கைக்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

காமாட்சி உன்னை நிறைந்த மனதோடு வைத்திருக்கட்டும். எந்த வீட்டு விளக்கை ஏற்றினாலும் அது நின்று எரியட்டும். ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன் கண்ணு. நீ யார் வீட்டுக்குப் போனாலும் என்னை அத்தை என்றே கூப்பிடு. வேறு முறை தேடாதே.

உன்னைப் பெறாமல் பெற்ற,
காந்தா