கல்யாணப் பெட்டியில் மைனா

ஜூன் 4
புயல் ஓய்ந்தது. என் அறையில் ஒரு ஜன்னல் கண்ணாடி போயிற்று. பறவைகளைக் கணக்கெடுக்க இந்தத் தீவுக்கு வந்த இரண்டு வருடத்தில் பார்க்காத விருந்தாளிகள்: கரையிலிருந்து காற்று அடித்துக்கொண்டு வந்த இரண்டு மைனாக்கள். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள்போல அறைக்குள் நடக்கின்றன.

ஜூன் 7
கல்யாணத்துக்கு இன்னும் பதினைந்து நாள். ஆசையில் இப்போதே அடுக்கித் திறந்து வைத்திருந்த பெட்டிக்குள், கல்யாணச் சட்டைமேல், மைனாக்கள் புல் சேர்க்கின்றன. எடுத்துப் போட்டேன். மத்தியானத்துக்குள் மறுபடி சேர்த்துவிட்டன.

கரையிலிருக்கும் எங்கள் அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"பெட்டியத் தொடாதப்பா. புயல் கொண்டுவந்து போடறது பெரிசில்ல. தங்கணும், முட்டை வைக்கணும், குஞ்சு பறக்கணும். அப்பத்தான் குடியேறிடுச்சுன்னு எழுதலாம். முப்பது வருஷமா அங்க எதுவும் புதுசா குடியேறல."

"சார், என் கல்யாணம்..."

"கல்யாணம் யார் வேணா பண்ணிக்கலாம்."

ஜூன் 12
நான்கு முட்டை. நீலம். என் விடுப்பு ரத்து.

ஜூன் 13
கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் போனில் சொன்னேன், கல்யாணத்துக்கு வர முடியாது, மைனா விட மாட்டேன் என்கிறது என்று.

"யாரு மைனா?"

பறவை என்றேன். "அப்படித்தான் சொல்லுவீங்க" என்றாள். அவள் அப்பா போனை வாங்கினார். "மாப்பிள்ளே, மனசில்லேன்னா நேரா சொல்லிடுங்க."

என்னத்தச் சொல்ல? என் பெட்டியில வேற ஒருத்தி குடித்தனம் நடத்துறா — யார் நம்புவா?

ஜூன் 22
கல்யாண நாள். நான் போகாததால் அவர்களே படகில் வந்துவிட்டார்கள்: அவள், அவள் அப்பா, வழியெல்லாம் வாந்தி எடுத்த திருமணப் பதிவாளர். என்னை ஏறிட்டும் பார்க்காமல் நேராக அறைக்குள் போனாள். மைனா அவளைப் பார்த்துக் கத்தியது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள்.

"நிஜமாவே மைனாதான்ப்பா."

கல்யாணச் சட்டை முட்டைகளுக்கு அடியில் இருந்ததால் மழைக்கோட்டோடு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். மற்ற இருவரும் படகேறினார்கள். அவள் தங்கிவிட்டாள்.

ஜூன் 29
குஞ்சுகள். அறையை அவற்றுக்கு விட்டு, நாங்கள் சமையலறையில் படுக்கிறோம்.

ஜூலை 23
பறந்துவிட்டன. அதிகாரி எத்தனை என்று கேட்டார். மூன்று என்றேன். அவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"நாலு சார். ஒண்ணு தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி உக்காந்திருக்கு. இவர் அந்தப் பக்கம் பாக்கல."

போய்ப் பார்த்தேன். இருந்தது.

ஜூலை 30
இப்போதெல்லாம் அதிகாரி போன் செய்தால் அவளைத்தான் கேட்கிறார்.