பீலிக்கு மேலே போகும் குழாய்

மதினி, விடிய விடியப் பெய்த மழையில், நாம் ஊற்றுத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலே இருந்த மண்மேடு இன்று காலை சரிந்துவிட்டது. லயத்து வீட்டு வரிசை முழுக்க ஈர மண் வாடை. நாங்கள் ஓடிப்போய் முதலில் மோந்து பார்த்தது பீலித் தண்ணீரைத்தான். ஏனென்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? கக்கூஸ் குழிக்குப் போகிற பிளாஸ்டிக் குழாய் அந்த மேட்டுக்குள்தானே கிடக்கிறது. அது உடைந்தால் குடிக்கிற தண்ணீர் போச்சு.

தண்ணீரில் ஒரு வாடையும் இல்லை. மேலே ஏறிப் பார்த்தால், அடியில் மண்ணே இல்லாமல் குழாய் அந்தரத்தில் நிற்கிறது. ஒரு கீறல் இல்லை. பொருத்து ஒன்றுகூட விடவில்லை. முந்தானையால் துடைத்தேன், நேற்றுக் கடையில் வாங்கியது போல மினுங்கியது. மலைத்துப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு முந்திய குழாயைத் தேயிலைக்கு நடுவே தரைமேல் சும்மா போட்டுவிட்டுப் போனார்கள். வெயில் பட்டுப் பட்டு, ஒருநாள் கால் பட்டதும் அப்பளமாக நொறுங்கியது. கசிவு பீலியில் கலந்து, உங்கள் சின்ன மகள் பதுளை ஆஸ்பத்திரியில் கண் செருகிக் கிடந்தாள். அவள் பிழைத்தது சாமி புண்ணியம்.

புதுக் குழாய் வந்தபோதும் ஆண்கள் ஒரு சாண் தோண்டிவிட்டு வேலை முடிந்தது என்றார்கள். தேயிலைக்கு மண் கிளற வருகிறவர்களின் இரும்பு முள் அதில் ஏறுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என் அண்ணனுக்கும்தான். முள்ளுக் குத்துவதே அவர் வேலை! நீங்கள் சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி உட்கார்ந்தீர்கள்.

"இடுப்பளவு தோண்டுங்க. அதுவரைக்கும் நா எந்திரிக்க மாட்டேன்."

அண்ணனுக்கு வந்த கோபம் இருக்கிறதே! தோண்டிய பிறகும் நீங்கள் விடவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கையோடு எங்களையும் உட்காரவைத்தீர்கள். குழாய்க்கு அடியில் கல் குத்தக்கூடாதென்று, அரிசியில் பொறுக்குவது போல மண்ணில் கல் பொறுக்கினோம்.

இன்று அப்புத்தளையிலிருந்து வந்த குழாய்க்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பேரப்புள்ளைக காலத்துக்கும் இருக்குங்க" என்றார். எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஒரு பிளாஸ்டிக் குழாய்க்கு இத்தனை ஆயுளைக் கொடுத்தீர்கள். உங்களுக்கு மட்டும் அப்படி என்ன அவசரம்?

உங்களைப் புதைக்கக் கொண்டுபோன அன்று, பொம்பளைகள் வரக்கூடாதென்று எங்களை லயத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு பிடி மண் போடக் கிடைக்காத குறை இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. இன்று குழாய்க்கு அடியில் மண்ணை அணைத்து மூடப் போகும்போது எல்லோரையும் விலகச் சொன்னேன். முதல் பிடியை நான் போட்டேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு தானும் ஒரு பிடி அள்ளினார்.